மதியத்தில் மூடுகிற ஊர்

நான் வேலை பார்க்கும் சுற்றுலா அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே கவலைதான். பாண்டிக்கு வருகிறவர்கள் தங்காமல் போய்விடுகிறார்கள். வடக்கே இருக்கிற டிராவல்ஸ்காரர்கள் விற்கும் தென்னிந்தியச் சுற்றுலாவில் எங்கள் ஊருக்கு ஒரு பகல்தான். காலையில் சென்னையில் கிளம்பி, மகாபலிபுரத்தில் இறங்கி ஏறி, உச்சி வெயிலில் இங்கே வந்து சேர்வார்கள். பிரெஞ்சுக் காலத்து மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவார்கள். ராத்திரி தங்கினால்தானே ஓட்டல்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் பிழைப்பு!

நான் விளம்பரப் பிரிவில் ஒப்பந்த ஊழியர். கண்காட்சிகளில் ஸ்டால் போட்டு நிற்பேன், போஸ்டருக்கு வாசகம் எழுதுவேன். "வாங்க வாங்கன்னு கூப்புடறதுக்கா சம்பளம் தராங்க?" என்று அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. போஸ்டர் என்றால் அந்த மஞ்சள் சுவரும் அதன்மேல் வழியும் காகிதப்பூவும்தான். பாண்டியிலேயே சாரம் என்கிற பகுதியில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் வேறு சுவரே இல்லையா என்று ஒவ்வொரு முறையும் எரிச்சலாக வரும்.

போன வருடம் அகமதாபாத்திலிருந்து டிராவல்ஸ்காரர்கள் ஒரு பஸ் நிறைய வருவதாக ஏற்பாடானது. எங்கள் தொழிலில் இது வழக்கம். அவர்களை நம் செலவில் அழைத்து வந்து ஊரைச் சுற்றிக்காட்டினால், திரும்பிப் போய் ஆட்களை அனுப்புவார்கள். முன்பு வந்தவர்களிடம் குறை என்ன என்று கேட்டிருந்தோம். எல்லோரும் சொன்னது ஒன்றே: "நாங்கள் வரும் நேரத்தில் உங்கள் ஊர் மூடிக்கிடக்கிறது."

உண்மைதான். பாண்டியில் மதியம் ஒரு மணிக்குப் பெரிய கடைகள் பலவும் மூடினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். வெயில் கற்றுக்கொடுத்த பழக்கம் என்பேன் நான். எங்களுக்கு அது இத்தனை இயல்பு என்பதால், வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து ஏதோ பந்த் என்று பயப்படுவார்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவேயில்லை.

எங்கள் அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். "அன்னைக்கு மதியம் கடைங்கள திறந்து வைக்கச் சொல்லும்மா. நீ உள்ளூர்ப் பொண்ணு, சொன்னா கேப்பாங்க. சரியா வந்துச்சுன்னா வருஷம் பூரா அப்படியே பண்ணிடலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இவங்க தங்களோட டூர்ல நம்ம ஊருக்கு ரெண்டு ராத்திரி போட்டாங்கன்னா உன் ஒப்பந்தத்த நீட்டிக்க நானே பேசுறேன்" என்றார். மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிய இருந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவர். அதற்கு முன் மில்லில் இருந்தார். ஷிப்ட் மாறி மாறி, தூங்க வேண்டிய நேரத்தில் வேலையும் வேலை நேரத்தில் தூக்கமுமாகப் பாதி வயது போயிற்று. மில் மூடியதும் எல்லோரும் வருத்தப்பட்டபோது, ஜவுளிக்கடையில் சேர்ந்த முதல் வாரம் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மதியம் வூட்டுக்கு அனுப்பறாங்கம்மா. தூங்கிட்டு வான்னு அனுப்பறாங்க!" அன்றிலிருந்து சைக்கிளில் சாரத்துக்கு வந்து, சாப்பிட்டு, மின்விசிறிக்கு நேர்கீழே பாயைப் போடுவார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது. அந்தத் தூக்கத்தைத்தான் நான் பிடுங்கப் போகிறேன்.

இருந்தாலும் போனேன். வேலை என்று ஒன்று இருக்கிறதே. அப்பாவின் முதலாளியிடமும் கேட்டேன். அப்பா பின்னால் சேலை மடித்துக்கொண்டிருந்தார். "நம்ம வூட்டுப் பொண்ணு கேக்குது, தொறக்காம இருப்பமா?" என்றார் முதலாளி. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. மறுநாள்தான் விருந்தினர்கள் வரும் நாள். காலையில் அவர் வழக்கத்துக்கு மாறாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனார். அம்மா காபியை என் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டுப் போனார்.

விருந்தினர்களுக்கு மதியச் சாப்பாடு பழைய வீடு ஒன்றில். வீட்டுக்காரம்மா தங்கும் விடுதி நடத்துகிறவர், தெருவே அவரை பிரெஞ்சுப் பாணியில் மதாம் என்றுதான் கூப்பிடும். குஜராத்திகள் என்பதால் மீன் இல்லை. ஆனால் வடை, பாயசம், முருங்கைக்காய் சாம்பார், அப்பளம் என்று ஒரு கல்யாணத்தையே இலையில் போட்டுவிட்டார். சாப்பிட்டதும் கடைத்தெரு என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தது நான்தான். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வெயிலில் யார் நடப்பார்கள் என்று யோசிக்காத புத்திசாலியும் நான்தான்.

மதாம் ஜன்னல் பலகைகளைச் சாத்தினார். சிவப்புத் தரையில் வரிசையாகப் பாயும் தலையணையும் போட்டார். "நான் படுக்கப் போறேன். நாலு மணிக்குக் காப்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். விருந்தினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைவி ஓர் அம்மாள். காலையிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தே எங்களை விரட்டியவர். "ஐந்து நிமிடம்" என்று என்னிடம் விரல் நீட்டி எச்சரித்துவிட்டுப் படுத்தார். அடுத்த மூச்சு குறட்டை. பிறகு ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள்.

அதிகாரி போனில் கத்தினார். "எழுப்பும்மா! கடையெல்லாம் தொறந்து வச்சிருக்காங்க!"

எழுப்பத்தான் போனேன். அந்த அம்மாளின் தலைமாட்டில் குனிந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய்விட்டிருந்தது. மில் மூடிய பிறகு எங்கள் வீட்டுத் தரையில் நான் தினமும் பார்த்த முகம் அது. கடையில் அப்பா இந்நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். போனால் போகிறது வேலை என்று கூடத்தை விட்டு வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன். "யாரும் இப்ப வரமாட்டாங்க. எல்லாரையும் மூடச் சொல்லிடுங்க. எங்கப்பாவ வூட்டுக்கு அனுப்பிடுங்க."

"நல்லா இருப்ப" என்றார் முதலாளி. கதவு சாத்துகிற சத்தம் போனிலேயே கேட்டது.

நாலு மணிக்குக் காபி மணத்தில் எழுந்தார்கள். தலைவி அம்மாளின் கன்னத்தில் பாய்க் கோடு. என்னைத் திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தார். கடைகள் திறந்துகொண்டிருந்தன. வாசலில் தண்ணீர் தெளித்தார்கள், பூக்காரர் கூடையை இறக்கினார், எதிர்வீட்டில் ஒருவர் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "கல்யாணத்துக்குப் பிறகு நான் மதியம் தூங்கியதே இல்லை" என்றார் அந்த அம்மாள். அதற்கப்புறம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அப்பாவின் கடைக்கு அழைத்துப் போனேன். அப்பா தூங்கி எழுந்து, தலை வாரி, விபூதி பூசி நின்றார். அவர் சேலையைப் பிரித்து வீசுகிற வீச்சில் எத்தனை தெம்பு! இந்தி தெரியாது, அதனால் என்ன, அரைக்கடை காலியானது. பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல் பீச் ரோட்டில் வண்டிகள் போவதைத் தடுத்துவிட்டார்கள். நடுரோட்டில் காற்றாட நடந்தோம். பஸ் கிளம்பும் நேரம் தாண்டியதை யாரும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு பகல் உங்கள் தூக்கத்துக்கே சரியாகிவிடுகிறது. ஊரைப் பார்க்க இன்னொரு நாள் வேண்டும்" என்றார் அந்த அம்மாள். இரண்டு ராத்திரி போட்டார். ஊருக்குப் போய் அவர் அச்சடித்த பயணத் திட்டத்தில் முதல் நாள் மதியத்துக்கு எதிரே "தூக்கம்" என்றே இருந்தது. அதிகாரி அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தன் யோசனை என்று காட்டினார். காட்டட்டும், என் ஒப்பந்தத்துக்குப் பேசினாரே.

அடுத்த போஸ்டரில் மஞ்சள் சுவர் இல்லை. சாத்தியிருக்கும் பச்சை மரக்கதவு, அதன் கீழே தூங்கும் நாய், "நாலு மணிக்கு வாங்க" என்று என் வாசகம். முதல் பிரதியை அப்பாவின் கடைக் கதவில், மூடினால் மட்டும் தெரிகிற பக்கத்தில் ஒட்டினேன். மணி ஒன்றானது. அப்பா கதவைச் சாத்தி, பூட்டி, இரண்டடி பின்னால் வந்து முழுசாகப் படித்தார்.

"இன்னாம்மா, நான் தூங்கறத கவர்மெண்ட்டே போஸ்டர் போட்டு சொல்லுது" என்றார்.

சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். நான் கேரியரில் ஏறிக்கொண்டேன்.