மில்லின் காது

அருளப்பு எந்தச் செய்தியையும் வெளியே விடாத மனிதர். அவருடைய தம்பிக்குக் கல்யாணம் நடந்ததை, மனைவி திரேசம்மா அந்தத் தம்பியின் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்றுதான் அறிந்தாள்.

இவரும் வினாயகமூர்த்தியும் கூட்டாக வவுணதீவில் ஒரு நெல்லுமில் வைத்திருந்தார்கள். வாசலில் மூடை வாங்குவது அருளப்பு. உள்ளே மிசினோடு நிற்பது வினாயகமூர்த்தி. அறுபதுகளில் ஒரு வருடம், உன்னிச்சையில் வயல் செய்த சீதேவிப்பிள்ளை, வீட்டுக் கூரை பிரித்திருந்ததால் வைக்க இடமில்லாமல், மூன்று மூடை நெல்லை மாட்டுக் கரத்தையில் கொண்டுவந்து இறக்கினாள்.

"தம்பி, இது விதை நெல்லு. குத்திப்போடாதீங்க. மறுகா வந்து எடுக்கன்."

"ஓம் அக்கா."

அந்த ஓம் அவரோடேயே தங்கிவிட்டது. வினாயகமூர்த்தி கண்ணில் பட்ட மூடைகளையெல்லாம் குத்தினார். விதைப்புக்கு நெல் எடுக்க வந்தவளிடம் வெள்ளை வெளேரென்ற அரிசியைக் கொடுத்தார். நேர்மையான மனிதர், தவிட்டையும் கட்டி வைத்திருந்தார்.

"அரிசிய விதைச்சா என்ன தம்பி, சோறா முளைக்கும்?"

வயல்வெளி வட்டை முழுக்க விதைப்பு நடக்க, அவள் வயல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. கோட்டுக்குப் போவேன் என்றாள். தனக்குத் தெரியாத விசயத்துக்குத் தான் எப்படிப் பொறுப்பு என்று வினாயகமூர்த்தி, அருளப்பையும் இழுத்துக்கொண்டு, வழக்குப் பேசும் பிறக்கிராசி செபஸ்தியாம்பிள்ளையிடம் ஓடினார்.

"மில் அலுவலா இவர் கேட்டது மில்லே கேட்ட மாதிரி," என்றார் பிறக்கிராசி. "கூட்டு யாவாரத்தில இவர்ட காதுதான் உம்மட காதும்."

"இவர் எனக்குச் சொல்லயில்லையே ஐயா."

"அது உங்க ரெண்டு பேருக்குமான வழக்கு. அந்த மனிசிக்கு என்ன?"

வாயே திறக்காமல் பங்காளிக்குச் செய்தி சொல்லிவிட்டதாகச் சட்டமே ஒப்புக்கொண்டதில் அருளப்புக்கு உள்ளூரப் பெருமை. பிறகு இருவரும் ஊர் ஊராக அலைந்து, மழை இறங்குமுன் மூன்று மூடை விதை நெல் தேடிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். சீதேவிப்பிள்ளை விதைத்தாள்.

அடுத்த வருடமும் மூடைகளோடு வந்தாள். விதை நெல் என்று அருளப்பிடம் சொன்னாள். உள்ளே போய், மிசின் சத்தத்துக்கு மேலாகக் கத்தி வினாயகமூர்த்தியிடமும் சொன்னாள்.

"ஒராளுக்குச் சொன்னாக் காணும் அக்கா," என்றார் அவர், புதிதாகப் படித்த சட்டத்தோடு. "எனக்கும் சொன்ன மாதிரித்தான்."

"ஓம் தம்பி, சட்டம் சரிதான். ஆனா அதையும் விதைக்கேலாதே."