விருத்தாம்பாளின் உப்பு நெல்லிக்காய்

உப்பு விளையும் மரக்காணத்து விருத்தாம்பாளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சுனாமியில் அவள் வேலை பார்த்த உப்புப் பாத்திகள் சேறாகி வேலை நின்றபோது, மீனவர்களுக்கு நிவாரணமாகப் புது வலைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வலை தண்ணீருக்குள் இறங்க அடியில் ஈயக்குண்டு கட்ட வேண்டும். கடைக்காரர் பக்கீர் முஹம்மது பழைய பேட்டரிகளின் ஈயத் தகடுகளைக் கொடுத்தார். அவள் கொல்லையில் இரும்புச் சட்டி வைத்து உருக்கி, அச்சில் ஊற்றிக் கொடுத்தாள். நடுநடுவே அதே கையால் வெற்றிலையும் போட்டுக்கொள்வாள்.

2005 ஐப்பசியில் அவள் வயிற்றை முறுக்கிப் பிழிந்தது வலி. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கியது. புருஷன் சடையப்பன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அவளுடைய கறுத்த விரல்களைப் பார்த்த டாக்டரம்மா, என்ன வேலை செய்கிறாள் என்று விசாரித்துவிட்டு ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார்.

"ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குது. மொதல்ல உருக்குறதை நிறுத்துங்க. சோப்புப் போட்டுக் கை கழுவாம எதையும் வாயில வைக்காதீங்க. ஈயம் உள்ள போயி ரத்த அணுவை அரிக்குது. நெல்லிக்கா, கொய்யா, முருங்கைக்கீரையில இருக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து அந்த அரிப்பை ஓரளவு தடுக்கும். அதையும் நல்லா சாப்பிடுங்க."

விருத்தாம்பாள் காதில் கடைசிப் பேச்சு மட்டும்தான் ஏறியது. அரை மூட்டை நெல்லிக்காய் வாங்கி, மிளகாய் கீறிப் போட்டு ஜாடிகளில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாள். ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே ஈயம் உருக்கினாள்.

"டாக்டர் நிறுத்தச் சொல்லலியா?" என்றான் சடையப்பன்.

"நெல்லிக்கா இருக்குதுல்ல, ஈயம் என்னை என்னா பண்ணும்?"

தை மாதம் மறுபடி சோதித்தார்கள். ஈயம் கொஞ்சமும் குறையவில்லை.

"நெல்லிக்கா காவல்காரன் மாதிரிங்க. நீங்க தெனமும் திருடனை உள்ள விட்டுக்கிட்டே இருந்தா அவன் எத்தனை பேரைத்தான் பிடிப்பான்?" என்றார் டாக்டரம்மா.

விருத்தாம்பாள் சிரித்துவிட்டாள். ஆனால் அன்றைக்கே சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பக்கீரின் கடைக்குப் போனாள்.

"பாய், இனிமே நான் உருக்க மாட்டேன். வேற யார்கிட்டயும் குடுக்காதீங்க. அவங்களும் என்னை மாதிரி வயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க."

அவர் திகைத்துப் போனார். "அல்லா! எனக்குத் தெரியாமப் போச்சே" என்று, தகடுகளை அள்ளிக் கொடுத்த தன் உள்ளங்கைகளையே பார்த்தார். அன்றோடு கம்பெனியில் செய்த குண்டுகளையே வரவழைக்க ஆரம்பித்தார். அவள் மடியிலிருந்து எடுத்து நீட்டிய நெல்லிக்காயைக் கடித்தவர், "ஏம்மா, இதுல ரெண்டு ஜாடி நம்ம கடையில வையேன்" என்றார்.

சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அவள் புதிதாக ஊறவைத்துக் கொடுத்தாள். கடை வாசலில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வாங்கித் தின்றே ஒரு வாரத்தில் இரண்டையும் காலி செய்தார்கள். அடுத்த வாரம் நான்கு ஜாடி. சடையப்பன் ஈயம் சிந்திய கொல்லை மண்ணைச் சுரண்டி அள்ளி அப்புறப்படுத்தினான். சித்திரைக்குள் அவளுக்கு வலி விட்டது. ரத்தத்தில் ஈயம் பாதிக்குக் கீழே வந்திருந்தது.

நல்ல செய்தி கேட்டதும் டாக்டரம்மாவுக்கு ஒரு பாட்டில் நெல்லிக்காய் நீட்டினாள். அவர் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணைச் சுருக்கினார்.

"நல்லாருக்குதுங்க. உப்பை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

"மரக்காணத்துல வந்து உப்பைக் குறைக்கச் சொல்றீங்களே டாக்டரம்மா!"