தலைவி அவர்களே, இரண்டு நிமிடம்

பரிஸில் ரூ காய் என்ற தெருவில் நான் வேலை செய்த மரக்கறிக் கடை முதலாளியை எல்லோரும் அண்ணை என்போம். ஊரில் பிரதேச சபை உறுப்பினராக இருந்துவிட்டு வந்தவர். தன் காலத்தில் ஒரு சந்திக்கு மின்விளக்குப் போட்ட கதையை ஒரு நாளைக்கு மூன்று தரம் சொல்வார். நான்காம் தரம் நானே சொல்லிவிடுவேன்.

ஒருநாள் தெருக் கம்பத்தில் நகரசபை ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. கடை முன்னால் வான் நிறுத்திச் சாமான் இறக்கும் இடத்தைச் சைக்கிள் நிறுத்தக் கொடுக்கப் போகிறார்களாம். அயலில் இருப்பவர்களும் வேலை செய்பவர்களும் பகுதிச் சபைக் கூட்டத்தில் கருத்துச் சொல்லலாமாம். வாசித்துச் சொன்னதும் அண்ணையின் முகம் வாடிய கீரையானது. இடம் போனால் அரிசி மூட்டை, வாழைக்குலை எல்லாம் இரண்டு தெரு தள்ளியிருந்து தோளில் வரவேண்டும். என் தோளில்.

"மேயரின்ரை வீட்டை போய்க் கதைப்பமோ?"

"வீட்டை போனா பொலிஸ்தான் வரும், அண்ணை. கூட்டத்துக்குப் போவம். ஆளுக்கு ரெண்டு நிமிசம் தருவினமாம்."

"ரெண்டு நிமிசமோ? எங்கடை சபையிலை நான் எழும்பினா ரெண்டு மணித்தியாலம்!"

"அதாலைதான் ஒரு லைற்றோடை நிண்டிட்டியள்."

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். அண்ணை கோட்டும் சூட்டுமாக வந்தார். அவர் தமிழில் பேச, நான் பிரெஞ்சில் சொல்வதாக ஏற்பாடு. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் வாய் பாதியில் நிற்பதில்லை. தலைவி மேசையில் மணிக்கூட்டை வைத்தார். அண்ணை எழுந்தார்.

"பெருமதிப்புக்குரிய தலைவி அவர்களே! அவையை அலங்கரிக்கும் உறுப்பினர் பெருமக்களே! வருகை தந்திருக்கும் தாய்மார்களே! எனக்குக் கோப்பி தந்த தம்பி அவர்களே!"

ஒவ்வொருவர் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். சனம் நிறைய. ஊரில் இப்படித் தொடங்காமல் பேசினால் மரியாதை கெட்டவன் என்பார்கள். கடைசியாக, "இனி விசயத்துக்கு வருவம்" என்றார். தலைவி மணிக்கூட்டைக் காட்டினார். நேரம் முடிந்துவிட்டது.

அண்ணை அப்படியே உட்கார்ந்தார். எனக்குப் பகிடி வரவில்லை. கையைத் தூக்கினேன். நானும் அந்தத் தெருவில்தான் வேலை செய்கிறேன், எனக்கும் இரண்டு நிமிடம் உண்டு என்றேன். தலைவி சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

ஒருவரையும் விளிக்கவில்லை. வான் எப்போது வரும், எவ்வளவு பாரம் இறங்கும், மூலையில் சும்மா கிடக்கும் நடைபாதையில் எத்தனை சைக்கிள் நிற்கும் என்று மட்டும் சொன்னேன். சைக்கிளில் வந்திருந்த ஒரு கிழவி எழும்பி, தனக்கு மூலையே வசதி, கொத்தமல்லியும் அந்தக் கடையில்தான் வாங்குவது என்றார். சைக்கிள் மூலைக்கே போகட்டும் என்று கைகள் உயர்ந்தன. ஆனால் அது முடிவல்ல, பரிந்துரைதானாம். மாவட்ட நகரசபைக்குப் போய், அங்கிருந்து பரிஸ் நகரசபைக்குப் போகவேண்டுமாம்.

"அப்ப எங்கடை ஊர் மாதிரித்தான்," என்றார் அண்ணை, உயிர் வந்தவராக. "நான் சொன்ன வணக்கமெல்லாம் மொழிபெயர்த்தனியோ?"

"ஒண்டும் இல்லை."

"அட மடையா!" திரும்பிப் போய் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டு வந்தார். கோப்பித் தம்பிக்கு இரண்டு தரம்.

சில மாதங்கள் கழித்து மூலையில் வெள்ளைப் பெயின்றில் சைக்கிள் படம் வரைந்தார்கள். மறுநாள் காலை வான் கடை முன்னால் வந்து நின்றது. சாரதி இறங்குமுன்னரே அண்ணை ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார்.