காகிதத்தில் இல்லாத கொரிய வார்த்தை

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கையுறை கொடுப்பதற்கு முன்பே எனக்கு ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். ஓசூர் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் கொரியக் கம்பெனி அது. காகிதத்தில் ஐந்து கொரிய வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். வணக்கத்துக்கு அன்யோங்ஹசேயோ. ஆமாம் என்பதற்கு நே. நன்றிக்கு கம்சாஹம்னிதா. புரிந்தது என்பதற்கு அல்கெஸ்ஸும்னிதா. மன்னியுங்கள் என்பதற்கு சேசோங்ஹம்னிதா. கொரியன் சார் யாராவது வந்தால் இதில் ஒன்றைச் சொல்லித் தலையைக் குனிய வேண்டும். அவ்வளவுதான் ட்ரெயினிங்.

பாடம் எடுத்தவர் எங்கள் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் குமரேசன், சேலத்துக்காரர். நான் கையைத் தூக்கினேன்.

"சார், இல்லைங்கறதுக்கு என்ன சார்?"

"அது எதுக்கும்மா உனக்கு?"

"இல்லைன்னு சொல்ல வேண்டி வந்தா?"

"வராது. உக்காரு."

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. கைக்குழந்தைக்குக்கூடப் பிடிக்காததைத் துப்பத் தெரியும். எங்களுக்கு அதுகூட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்!

2. கம்பெனி பஸ்

நான் தளிப் பக்கத்துக்காரி. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, எல்லை தாண்டினால் கன்னடம். இந்த மூன்றையும் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அப்படி இருக்க, நாலாவது மொழிக்கு நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பஸ். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, மொபைலில் கொரியன் கேட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அனியோ என்றால் இல்லை. வேயோ என்றால் ஏன். யொகி போசேயோ என்றால் இங்கே பாருங்கள். விஹோம்ஹேயோ என்றால் ஆபத்து. என் உச்சரிப்பு லட்சணமாக இருந்திருக்காது. இருக்கட்டுமே, நான் என்ன ரேடியோவிலா பேசப் போகிறேன்?

பஸ்ஸில் கிண்டலுக்குக் குறைவில்லை. "என்ன மேரி, உன் பையனுக்குக் கொரியாவுல பொண்ணு எடுக்கப்போறியா?" என்பார்கள்.

"வரட்டுமே. வந்து களி கிண்டட்டும்" என்பேன்.

என் பக்கத்து சீட் மஞ்சுளா மட்டும் சிரிக்க மாட்டாள். அஞ்செட்டிக்காரி. பிள்ளைகளின் படிப்புக்காகத் தளியில் வாடகைக்கு இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே மெஷின். ஒரே வித்தியாசம், நான் பர்மனென்ட், அவள் காண்ட்ராக்ட். "இதெல்லாம் நமக்கு ஆகாது, சும்னிரு மேரி" என்பாள். பயம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும், சும்மா இரு என்று அர்த்தம்.

3. சாவி

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் பிரஸ் இறங்காது. எங்கள் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் அந்த சென்சார் கை போகாமலே அடிக்கடி மெஷினை நிறுத்தும். அதை ரிப்பேர் செய்ய வேண்டும் என்றால் லைனை நிறுத்த வேண்டும். குமரேசன் சார் அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். பேனலில் சாவியைப் போட்டு சென்சாரை ஆஃப் செய்வார். கொரிய எஞ்சினியர் பார்க் வருகிறார் என்று தெரிந்தால் ஆன், போனதும் ஆஃப்.

ஒரு நாள் டீ டைம் முடிந்து வந்து பெடலை மிதித்தோம். மஞ்சுளாவின் கையுறை நுனி உள்ளே போய்விட்டது. நகம் பெயர்ந்து ரத்தம். ஒரு அரிசி அகலம் தள்ளியிருந்தால் விரலே போயிருக்கும். நான் எமர்ஜென்சி ஸ்டாப்பை அடித்தேன்.

குமரேசன் சார் ஓடி வந்தார். மஞ்சுளாவிடம் போவார் என்று பார்த்தேன். அவர் சென்சாரை ஆன் செய்ய நேராகப் பேனலுக்குப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ப் பேனலை மறைத்து நின்றேன்.

"நகரும்மா."

"மாட்டேன் சார்."

"விளையாடறியா? பார்க் சார் வந்துட்டு இருக்காரு!"

"வரட்டும் சார். அவரே பாக்கட்டும்."

அவர் மஞ்சுளாவின் பக்கம் திரும்பினார். "இந்தா, அவர் வந்ததும் சேசோங்ஹம்னிதான்னு சொல்லிடு. கைய விட்டது உன் தப்பு. இல்லைன்னா நாளைக்கு உனக்கு உள்ள வர கேட் பாஸ் கிடையாது."

மஞ்சுளா துணியைக் கையில் சுற்றிக்கொண்டே, "சொல்லிடறேன், வுடு மேரி. ரெண்டு புள்ளைங்க இருக்குது" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் காண்ட்ராக்ட்டாக இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

எஞ்சினியர் பார்க் வந்தார், கூடவே மொழிபெயர்ப்பாளர் தம்பி. நாங்கள் நாலு வரி சொன்னால் ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுகிற தம்பி. "ஆபரேட்டர் கேர்லெஸ் சார்" என்றார் குமரேசன். தம்பி அதைக் கொரியனில் சொன்னான். மஞ்சுளா தலையைக் குனிந்தாள்.

"அனியோ!" என்றேன். ஷெட் முழுக்கக் கேட்டிருக்கும்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் பேனலைவிட்டு விலகிச் சாவியைக் காட்டினேன். "யொகி போசேயோ. சென்சார் அனியோ. விஹோம்ஹேயோ!" அது சரியான கொரியனா என்று இன்றைக்கும் தெரியாது.

பார்க் குனிந்து சாவியைப் பார்த்தார். மஞ்சுளாவின் கையைப் பார்த்தார். பிறகு குமரேசனைப் பார்த்து, "வே?" என்றார். ஏன் என்று கேட்கிறார். எனக்குப் புரிந்தது, ஒருத்தரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

குமரேசன் சார் தலையைக் குனிந்து, "சேசோங்ஹம்னிதா" என்றார்.

பார்க் சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மெஷினில், ரிப்பேர் ஆகும்வரை ஓட்டக் கூடாது என்று சிவப்பு டேக் தொங்கியது.

4. மெமோ

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். முறைப்படி சூப்பர்வைசர் மூலமாகப் பேசாமல் எஞ்சினியரிடம் நேரடியாகப் பேசியது ஏன் என்று எனக்கு மெமோ.

"மஞ்சுளா கேட் பாஸ் என்னாச்சு மேடம்?"

"அது இருக்கு. நீ உன் கதையப் பாரு. மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடு, ஃபைல்ல போட்டு முடிச்சுடறேன். லைன் லீடர் லிஸ்ட்ல உன் பேர் இருக்கும்மா, கெடுத்துக்காத."

பேனாவை வாங்கினேன். இப்படி எழுதினேன்: "சென்சார் ஆஃபில் இருந்தது. அதைச் சொன்னேன். மறுபடி ஆஃப் செய்தால் மறுபடியும் சொல்வேன்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மேடம் இரண்டு தடவை படித்தார். "இதுல மன்னிப்பு எங்கம்மா இருக்கு?"

"இல்லைங்க மேடம்."

லைன் லீடர் வாய்ப்பு போனது. பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே பதினோரு மாதம் அட்டைப்பெட்டி ஒட்டினேன். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இந்நேரம் லீடர் ஆயிருப்ப" என்று சொல்லாதவர்கள் இல்லை. வருத்தம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை எழுதச் சொன்னால், ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த நாட்டுக்காரன் கம்பெனிக்குப் போனாலும் அவன் மொழியில் 'இல்லை', 'ஏன்', 'ஆபத்து' மூன்றையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். நன்றி சொல்ல அவர்களே கற்றுத் தருவார்கள்.

மஞ்சுளா இன்றைக்கும் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில்தான் நிற்கிறாள். பத்து விரலும் இருக்கின்றன.