சூப்பர்வைசர் வீட்டு ஃபோகஸ் லைட்

பக்கத்து வீட்டு சூப்பர்வைசர், வேலையில் இருந்தவரைக்கும் ஒரு துணிக்கடை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றதும் துழாவப் பை இல்லை. கை சும்மா இருக்குமா? காம்பவுண்டுச் சுவரில் நாலு ஃபோகஸ் லைட்டை மாட்டினார். திருட்டுப் பயமாம்! அந்த வீட்டில் இருப்பது ஒரு துருப்பிடித்த சைக்கிளும் அவரும். இரண்டையும் எவனும் சீந்தமாட்டான்.

நாலில் இரண்டு, நேராக அவருக்கு அடுத்த வீட்டுத் தையல்காரியின் படுக்கையறை ஜன்னலில் அடித்தன. அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். விடியுமுன் கிளம்பும் முதல் வண்டி அவருடையது. ஊர் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவர் படுத்தாக வேண்டும். லைட் வந்த நாளிலிருந்து மனிதர் புரண்டு புரண்டு படுத்தாரே தவிர, தூங்கவில்லை. ஒரு காலை ஸ்டியரிங்கில் கண் சொக்கி, பஸ் நடைபாதையில் ஏறிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வண்டியைத் தொட விடமாட்டோம் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள்.

தையல்காரி போய்க் கேட்டாள்.

"அண்ணே, லைட்டைக் கொஞ்சம் கீழே பார்க்கத் திருப்பிடுங்களேன். அவரால தூங்க முடியல. பஸ் நிறைய ஜனங்களை ஏத்திட்டுப் போறவர்."

"உங்க வீட்டுக்கும் சேர்த்துத்தாம்மா பாதுகாப்பு. காசா கேட்டேன்? வெளிச்சம் குத்துதுன்னா கண்ணை மூடிக்கச் சொல்லு."

அடேயப்பா, என்ன மூளை! இத்தனை நாளும் டிரைவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டா படுத்திருந்தார்? வயிறெரிய வீடு திரும்பினாள்.

திரை போட்டாள், வெளிச்சம் திரையைத் தாண்டியும் வந்தது. கடைசியில், அளவு பார்க்க வருகிறவர்களுக்காக வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியை நகர்த்தி வந்து ஜன்னலை அடைத்து நிறுத்தினாள். பின்பக்கத்துப் பலகை உள்ளே, கண்ணாடி வெளியே. அறை இருட்டினால் போதும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் கண் சிவக்க வாசலில் நின்றார்.

"என்னம்மா அநியாயம் இது? என் ரூமுக்குள்ள ஃபோகஸ் லைட் அடிக்கிறீங்க! ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல. போலீசுக்குப் போவேன்!"

"எங்க வீட்ல ஏதுண்ணே ஃபோகஸ் லைட்டு?"

"பொய் சொல்லாதே. ரெண்டு லைட். என் கண்ணால பார்த்தேன்!"

அவள் அவரைக் கையோடு கூட்டிப் போய் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினாள். காலையாகியும் அவர் அணைக்காத இரண்டு லைட்டும் கண்ணாடிக்குள் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் தூக்கம் கெட்ட அவர் மூஞ்சி. ஆயுள் முழுக்க அடுத்தவர் பைக்குள்ளேயே பார்த்துப் பழகிய மனிதர். புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கண்ணாடியைத் திருப்பி வைம்மா" என்றார், குரல் இறங்கி.

"கண்ணை மூடிக்குங்கண்ணே."

அன்று மத்தியானமே ஏணி போட்டு ஏறி, நாலு லைட்டையும் தரையைப் பார்க்கத் திருப்பினார். பிறகு தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பாவம், டிரைவர் தூங்கட்டும்னு நான்தான் விட்டுக்கொடுத்தேன்" என்று பெருமை பேசினார். தூ, இதுவும் ஒரு பிழைப்பு!

கண்ணாடியைத் தையல்காரி இரண்டு நாள் கழித்துத்தான் நகர்த்தினாள். அந்த ஆளை நம்ப முடியாது. டிரைவர் பழையபடி குறட்டை விட ஆரம்பித்தார். முன்பெல்லாம் விலாவில் ஒரு இடி இடித்து நிறுத்துகிறவள், இப்போது இடிப்பதில்லை.