ரெஜினா மேடத்தின் ஆணிப்பலகை

பேருந்து உப்பளங்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எங்கள் கல்லூரி நூலக உதவியாளர் முருகையன். "சார், உக்காந்துக்கிட்டு வர்றீங்களா, நின்னுக்கிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார். நின்றுகொண்டுதான் வருகிறேன் என்றேன். "அப்ப எதையாவது கெட்டியா புடிச்சுக்குங்க. நம்ம ரெஜினா மேடம் காலையில தவறிட்டாங்க சார்." வேலைக்குப் புறப்பட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். கல்லூரி இன்னும் தொலைவில் இருந்தது. ஏன் இறங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை. உப்புக் குவியல்களைப் பார்த்தபடி வெயிலில் வெகுநேரம் நின்றிருந்தேன்.

உங்களில் பலருக்கு அவர் நூலகர். கணிதத் துறைக்காரனான எனக்கு அவர் தீராத தலைவலி. அவர் வருவதற்கு முன்பு எங்கள் துறைப் புத்தகங்கள் பின்கட்டில் ஒரு இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. வந்த முதல் மாதமே அவற்றையெல்லாம் கிளப்பிக் கொண்டுவந்து, வாசலை ஒட்டிச் செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார். "இங்க வெச்சா திருடு போயிடும் மேடம்" என்று எச்சரித்தேன். "கணக்குப் புக்கு ஒண்ணு திருடு போகட்டும் சார், அன்னிக்கு ஸ்டாஃப் ரூமுக்கே ஸ்வீட் வாங்கித் தர்றேன்" என்றார். எதுவும் திருடு போகவில்லை. ஆனால் ஆறே மாதத்தில் பல புத்தகங்களின் அட்டை பிய்ந்து தொங்கியது. அதை எல்லோரிடமும் எடுத்துக் காட்டிப் பெருமைப்பட்டார்.

அவர் வரலாறு படித்தவர். உங்களுக்கெதற்கு இந்தக் கணக்கு வேலை என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். "நான் கணக்குல முப்பத்தஞ்சு எடுத்துத் தப்பிச்சு ஓடினவ சார். ஓடினவளுக்குத்தான் எந்த எடத்துல பயந்தோம்னு தெரியும்" என்றார். ஒவ்வொரு டிசம்பரிலும் நூலகக் கூடத்தில் அவர் கணிதக் கண்காட்சி வைப்பார். மேசைக்கு மேசை 'தயவுசெய்து தொடவும்' என்று அட்டை இருக்கும். முக்கோண அட்டை ஒன்றை டம்ளர் மேல் வைத்து அதன்மீது உப்பைக் கொட்டிக்கொண்டே இருந்தால், மிச்சமெல்லாம் வழிந்துபோய் மேலே ஒரு சின்னக் குன்று நிற்கும். அதன் மூன்று முகடுகளும் முக்கோணத்தின் கோணங்களைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டு ஓரிடத்தில் கூடும். உப்பளத்தில் கூலிவேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று, இதைத்தானே நாம் தினம் பார்க்கிறோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மழைக்கால ஈரத்தில் உப்பு கட்டிதட்டிப் போனால் கேன்டீன் வாணலியில் போட்டு வறுத்து எடுத்து வருவார். கணக்குக்காக உப்பு வறுத்த ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

எல்லாவற்றிலும் அவருக்குச் செல்லம் ஆணிப்பலகைதான். சாய்த்து நிறுத்திய பெரிய பலகையில் வரிசை வரிசையாக ஆணிகள். உச்சியிலிருந்து ஒரு கோலியை விட்டால், வரிசைக்கு ஓர் ஆணியில் முட்டி, இடமோ வலமோ திரும்பி, அடியில் உள்ள அறைகளில் ஏதோ ஒன்றில் போய் விழும். நிறைய கோலிகளை விட்டால் நடு அறைகள் நிறைந்து, ஓரங்கள் சரிந்து, எப்போதும் ஒரே மாதிரிக் குன்று வரும். மேடம் கையைத் தூக்கிக்கொண்டு சொல்வார்: "ஒரு கோலி எங்க விழும்னு யாராலயும் சொல்ல முடியாது. நூறு கோலி எப்படி விழும்னு நான் சொல்றேன், பாக்குறீங்களா?" நிகழ்தகவில் நான் ஒரு பருவம் முழுக்க நடத்தியும் விளங்க வைக்காததை அந்த இரண்டு வரி விளங்க வைத்துவிடும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கண்காட்சியைப் பிரித்து எடுத்து வைப்பதற்குள் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. குப்பங்களிலிருந்து ஓடிவந்த சனம் கல்லூரி வளாகத்தில் நிறைந்தபோது, தேவாலயத்திலிருந்து நேராக வந்த மேடம் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் நூலகத்தைத் திறந்துவிட்டார். கண்காட்சி மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். இரண்டொரு நாளில் பிள்ளைகள் ஆணிப்பலகையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அழுகையும் சோற்று வரிசைச் சத்தமுமாக இருந்த கூடத்தில் கோலிகள் ஆணியில் முட்டி இறங்கும் ஓசை இடைவிடாமல் கேட்டது. பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்த சந்தோஷத்தில் மேடம் பழக்கதோஷமாகத் தன் வசனத்தை எடுத்துவிட்டார்.

பலகைக்குப் பக்கத்தில் அஞ்சலாட்சி என்ற பெண் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து யாரிடமும் பேசாதவர். எழுந்து வந்து ஒரு கோலியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, இது இந்தப் பக்கம் போவுணுமா அந்தப் பக்கம் போவுணுமான்னு யாரும்மா முடிவு பண்றது?" மேடம் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "என் ரெண்டு கையிலயும் புள்ளைங்கள புடிச்சிருந்தேன். ரெண்டயும் ஒரே மாதிரிதாம்மா புடிச்சிருந்தேன். இந்தக் கை புள்ள இருக்குது. அந்தக் கை புள்ள ஏம்மா போச்சு?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் கணக்கு வாத்தியார் இல்லையா, ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். என் கையை அழுத்தி நிறுத்திவிட்டார். பிறகு அஞ்சலாட்சியிடம், "தெரியலம்மா" என்றார். அவ்வளவுதான். தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நெடுநேரம் கழித்து, "புள்ள பேரு என்னம்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "பாலாஜி" என்றார் அவர்.

முகாம் கலைந்த பிறகும் நூலகம் பழையபடி ஆகவில்லை. எந்த அலமாரியை நகர்த்தினாலும் அடியிலிருந்து ஒரு கோலி உருண்டு வரும். முருகையன் அதைக் கையில் எடுக்கப் பயந்து, காலாலேயே ஓரமாகத் தள்ளிவிடுவார். மேடம் வேலைக்கு நடுவில் சட்டென்று தலையைத் தூக்கி, "சார், உங்களுக்குக் கேக்குதா?" என்பார். பலகை துணி போர்த்திச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கும். கேட்கவில்லை என்று நான் பொய் சொல்வேன். உண்மையில் எனக்கும் அந்தக் கோலிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இன்றும் மாலையில் கூடம் காலியானால் கேட்கிறது.

மறு டிசம்பர் நெருங்கியதும் பலகையை வைப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. நம் கண்காட்சிக்கே உயிர் அதுதான், பலகை என்ன பாவம் செய்தது என்று நான் கத்தினேன். "பலகையில தப்பில்ல சார். நான்தான் தப்பா சொல்லிட்டு இருந்தேன். ஒண்ணைப் பத்திச் சொல்ல முடியாதுன்னுட்டு ஒரே தாவா நூறுக்குத் தாவிடுவேன். அந்த ஒண்ணுகிட்ட ஒரு நிமிஷம்கூட நின்னதில்ல" என்றார். பலகை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்று நானும் வீம்பு பிடித்தேன். அவர் எழுதித் தரவில்லை. பேருந்து பிடித்துத் தற்காலிகக் குடியிருப்புக்குப் போய், அஞ்சலாட்சியிடமே கேட்டுவிட்டு வந்தார். "வைங்கம்மா. அத மூடி வெச்சிட்டா மட்டும் எனக்கு மறந்துடப் போவுதா?" என்றாராம் அந்த அம்மாள்.

அந்த ஆண்டு பலகைக்குப் பக்கத்தில் மேடம் நாள் முழுக்க நின்றார். பழைய வசனத்தைச் சொல்லவே இல்லை. வருகிறவர் கையில் ஒரே ஒரு கோலியைக் கொடுப்பார். "முதல்ல இத விடுங்க. கண்ண எடுக்காம கீழ விழுற வரைக்கும் இதுகூடவே போங்க. மத்ததெல்லாம் அப்புறம்." பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். அவர் விடமாட்டார். கல்லறைத் தோட்டத்தில் நிற்பதுபோல் எல்லோரும் அந்த ஒற்றைக் கோலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடத்தின் அடக்கத்துக்கு அஞ்சலாட்சி தன் மகளோடு வந்திருந்தார். எல்லோரும் கலைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். நான் அருகே போனதும், "எனக்கு எல்லாருமே பதில் சொன்னாங்க சார்" என்றார். "விதின்னாங்க, சாமி எடுத்துக்கிச்சின்னாங்க, நீ இன்னும் கெட்டியா புடிச்சிருக்கணும்னு சொன்னவங்களும் இருக்காங்க. தெரியலன்னு சொன்னது இவங்க ஒருத்தங்கதான். அன்னிக்குத்தான் சார் நான் சோறு தின்னேன்."

மேடத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு சொல்தான். நேற்று மூன்றாம் ஆண்டு வகுப்பில் நிகழ்தகவு எடுத்தேன். நிறைய முறை செய்தால் என்ன ஆகும் என்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். குப்பத்துப் பிள்ளை. "அப்ப அந்த ஒண்ணுக்கு என்ன சார் ஆகும்?" என்று கேட்டாள். என்னிடம் சொல்வதற்குச் சூத்திரம் இருந்தது. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியலம்மா" என்றேன். அவள் உட்காரும் வரை நான் கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை.