எரிக்கின் ஆறு ஃபிலிம் ரோல்

எரிக் இறந்துவிட்டார். டென்மார்க்கிலிருந்து அவர் மகள் காலையில் மெசஞ்சரில் எழுதியிருந்தாள். தூக்கத்திலேயே போயிருக்கிறார்…

உங்களில் யாருக்கும் எரிக்கைத் தெரியாது. நானே அவரோடு நேரில் பழகியது மொத்தம் இருபது நாள்தான். ஆனால் இன்றைக்கு இதை எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் துபாய் தேராவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு டார்க்ரூம் வேலை. லீவு முடிந்து பம்பாயிலிருந்து கப்பலில் திரும்பும்போது, டெக்கில் எனக்குப் பக்கத்தில் படுக்கை விரித்தவர் எரிக்.

காலேஜ் மாணவர், என் வயதுதான். இமயமலை அடிவாரத்தில் நாலு மாதம், முதுகில் ஒரு மூட்டையோடு நடந்தே சுற்றிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். கோவில்பட்டிக்காரனான நான் அதுவரை பார்த்த பெரிய மலை கழுகுமலை…

ஐந்து நாள் கப்பலில் மலைக்கதைதான். அல்மோராவுக்கு மேலே ஒரு வீட்டில் காய்ச்சலோடு பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்திருக்கிறார். அந்த வீட்டு அம்மா கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்.

அவர்கள் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. மூத்த மகன் பட்டாளத்துக்குப் போகிறான், அதற்குள் குடும்பத்தோடு ஒரு போட்டோ. எரிக் எடுத்தார். கட்டாயம் அனுப்புகிறேன் என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியமும் செய்திருக்கிறார்.

"ஸ்டுடியோவுல நானே கழுவித் தர்றேன்" என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

துபாயில் எங்கள் ரூமிலேயே தங்கினார். எட்டுப் பேருக்கு ஒன்பதாவது ஆள். எங்களில் மூத்தவரான சண்முகம் அண்ணாச்சிக்கு அவரைப் பார்த்தாலே ஆச்சரியம். "ஏல, இந்த வெள்ளக்காரன் எதுக்குல மல மலயா நடந்தான்? பஸ்ஸு கெடைக்கலியாமா?"

நான் மொழிபெயர்த்தேன். எரிக் சிரித்துவிட்டு, "பஸ்ஸில் போனா யாரு கஞ்சி குடுப்பாங்கன்னு அவர்கிட்ட கேளு" என்றார். அண்ணாச்சி அன்றிலிருந்து தன் ஊறுகாய் பாட்டிலை அவர் பக்கம் தள்ளி வைக்க ஆரம்பித்தார்.

அப்புறம் அந்த நாள்…

ஜூன் மாதம். மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. கோடையில் மருந்துத் தொட்டியைச் சுற்றி ஐஸ் போட்டு, சூடு இறங்கிய பிறகுதான் ஃபிலிமை உள்ளே விட வேண்டும். வளைகுடாவில் டார்க்ரூமுக்குள் போகிறவனுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே இதுதான். ஐஸ் வாங்க வெயிலில் பத்து நிமிடம் நடக்க வேண்டும்.

அன்றைக்குத் தமிழ்ப் படம் போட்டிருந்தார்கள். மாதத்துக்கு ஒன்று வந்தாலே அதிசயம். சாயங்கால ஷோ, கிரீக்கைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும், அப்ராப் படகில் இடம் பிடிக்க வேண்டும்.

முதலாளி காதர் பாய் கவுன்டரிலிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, ஐஸ் வாங்கியாச்சா?"

"வாங்கிட்டேன் பாய்."

வாங்கவில்லை.

எரிக் மலையில் எடுத்த ஆறு ரோலையும் ஒன்றாக இறக்கினேன். வெளியே எடுத்தபோது ஃபிலிமின் மேல்தோல் பாலாடை மாதிரி உரிந்து விரலில் ஒட்டியது. மலையும் இல்லை, மனுஷனும் இல்லை. ஆறையும் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

படத்துக்கும் போனேன். இதைச் சொல்லத்தான் கூசுகிறது… கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன்.

மறுநாள் எரிக் வந்தார். எங்கள் துபாய் பாஷையிலேயே சொன்னேன். "போட்டோ மாஃபி, எரிக். கேமரா கராப்." போட்டோ இல்லை, கேமரா கெட்டுப்போச்சு என்று அர்த்தம். உள்ளே வெளிச்சம் கசிகிறது, ஆறு ரோலும் வெறும் கறுப்பு என்று கூசாமல் விளக்கம் வேறு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஆள் நான்தான்.

ஃபிலிமைக் காட்டு என்று அவர் கேட்கவே இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து, "அந்த அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்களே…" என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

குவைத் கப்பலுக்குக் கிளம்பும்போது கேமராவை என் கையில் வைத்தார். "உனக்குத்தான் இந்த வேலை தெரியும். ரிப்பேர் பண்ணி நீயே வெச்சுக்கோ." வாங்கிக்கொண்டேன்.

படித்துறையில் ஒரு புது ரோலைப் போட்டு அவரை ஒரு படம் எடுத்தேன். "படம் வராத கேமராவுல எதுக்கு எடுக்குறே?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே விழுந்திருக்கிறது, தாடி முடியை எண்ணலாம். அந்தப் படத்தை அவருக்கு நான் அனுப்பவே இல்லை.

என் கல்யாணம், மகளின் காதுகுத்து எல்லாம் அந்தக் கேமராதான். ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.

பத்து வருடம் முன்பு எரிக் என்னை ஃபேஸ்புக்கில் தேடிப்பிடித்தார். இடையில் ஒருமுறை அந்த மலை வீட்டுக்கு மறுபடியும் போனாராம். அந்த அம்மா இல்லை. பட்டாளத்து மகன் உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு, "எங்கம்மா போட்டோ கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவை வேறு யாரும் படம் எடுத்ததே இல்லையாம்.

"பாழாப்போன கேமரா" என்று முடித்திருந்தார் எரிக். நான் அதற்கு ஒரு லைக் போட்டேன்.

சொல்லியிருக்கலாம். பத்து வருடம் இருந்தது… வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பயணத்தில் எடுத்த அப்பா படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, உங்களிடம் இருக்கிறதா என்று மகள் கேட்டிருக்கிறாள். இருக்கிறது. கீழே போட்டிருக்கிறேன்.

அவளுக்கு ஆங்கிலத்தில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், கை வரவில்லை. தமிழில் எழுதிவிட்டு அவளை டேக் செய்கிறேன். மொழிபெயர்ப்பு பட்டனை அழுத்திப் படித்துக்கொள்வாள். இதுவும் கோழைத்தனம்தான், தெரியும்.

போய் வாங்க எரிக். அங்கே அந்த அம்மாவைப் பார்த்தீங்கன்னா கேமராவைக் குறை சொல்லாதீங்க… என் பேரைச் சொல்லுங்க.